முந்துபவருக்கே ஆசனமா?

(களுவாஞ்சிக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருள் கொஞ்சம், கேட்பவர் அதிகம் என்றால் யாருக்குக் கொடுப்பது? சங்கக்கடை வாசலிலும் மீன்பிடிக் கரையிலும் நம்முடைய மூத்தவர்கள் இந்தக் கேள்வியோடு பலகாலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இன்று அதே கேள்வி கைபேசித் திரைக்கு வந்திருக்கிறது. அங்கே நமக்கு முன்னால் நிற்பது பல நேரங்களில் மனிதர் அல்ல, ஒரு நிரல். இந்த நிலைமையில் விற்பவர் எப்படி நியாயமாக விற்கலாம், வாங்குபவர் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதே இன்றைய என் பேச்சு.

2025 ஜனவரியில் கொழும்பில் நடந்த அமைச்சரவை ஊடகச் சந்திப்பில் ஒரு கணக்கு வெளிவந்தது. மலைநாட்டிலுள்ள எல்ல செல்லும் புகையிரதத்தின் இணையவழி ஆசனச் சீட்டுகள், விற்பனை திறந்து 42 செக்கனில் தீர்ந்துவிட்டன. 2,000 ரூபாய்ச் சீட்டு, வெளிநாட்டுப் பயணிகளிடம் 16,000 ரூபாய்க்குக் கைமாறியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையைத் தொடங்கியது. அதன்பின், சீட்டில் பதிந்த அடையாள அட்டை இலக்கமோ கடவுச்சீட்டு இலக்கமோ பயணியின் கையில் இருப்பதோடு பொருந்தவேண்டும் என்ற விதியைப் புகையிரதத் திணைக்களம் கடுமையாக்கியது.

எல்ல நமக்குத் தூரம் என்று இதை விட்டுவிட முடியாது. மலைநாட்டுப் பாதைக்கு இருக்கும் அதே முன்பதிவு முறைதான் மட்டக்களப்புப் பாதைக்கும். நமக்குத் தண்டவாளம் மட்டக்களப்பு நகரோடு முடிகிறது. இங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் வடக்கே போய்த்தான் புகையிரதம் ஏறவேண்டும். கொழும்பில் கிளினிக் உள்ளவருக்கும், வெளிநாட்டுக்கு அலுவல் பார்க்கப் போகிறவருக்கும், பல்கலைக்கழகப் பிள்ளைக்கும், இரவு முழுக்க இருந்துபோக ஓர் ஆசனம் பெரிய விஷயம். சித்திரைப் புத்தாண்டு, தைப்பொங்கல், நத்தார் காலங்களில் அது எவ்வளவு அருமையாகிவிடும் என்பதை இந்த மண்டபத்தில் உள்ள யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

நம்முடைய பஸார் பக்கத்துக் கொமினிகேஷன் கடைகளில் நடப்பதைப் பாருங்கள். வெல்லாவெளிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். "மனே, ரெண்டு சீட்டுப் பாரு. ஜன்னல் பக்கமெண்டா நல்லம்" என்கிறார். கடைப் பொடியன் நேரம் பார்த்து இணையப் பக்கத்தைத் திறக்கிறான். முதலில் மேலே உள்ள படம் இறங்குகிறது, பிறகு படிவம். எங்கிருந்து எங்கே, எந்தத் திகதி, எந்த வகுப்பு. அம்மா அடையாள அட்டையைத் தூரப் பிடித்து 12 இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நடுவில் ஓர் இலக்கம் மாறிவிடுகிறது, திரும்பச் சொல்கிறார். பிறகு வங்கி அட்டை. அதன்பிறகு கைபேசிக்கு வரவேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல். அந்தக் குறுஞ்செய்தி வருவதற்குள் திரை ஆசனம் இல்லை என்கிறது. "என்ன மனே, இப்பதானே திறந்ததெண்டாய்?" என்று அவர் கேட்கிறார். பொடியனிடம் பதில் இல்லை. அவன் மெதுவானவன் அல்ல. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்தப் படிவத்தை 42 செக்கனுக்குள் நிரப்பிப் பணம் கட்டி முடிக்க மனிதக் கையால் முடியாது.

அப்படியானால் யாரால் முடிந்தது? 'பொட்' என்று இந்தத் தொழிலில் சொல்கிறார்கள். தானாகவே ஓடும் சிறு நிரல் அது. அதற்குத் திரை வேண்டாம், படம் வேண்டாம், பொத்தான் வேண்டாம். நாம் எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பொத்தானை அழுத்தும்போது நம்முடைய கைபேசியிலிருந்து விற்பவரின் கணினிக்கு ஒரு செய்தி போகிறது அல்லவா, அந்தச் செய்தியை மட்டும் அது முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும். பெயர்கள், இலக்கங்கள், அட்டை விவரம் எல்லாம் பட்டியலில் ஆயத்தமாக இருக்கும். விற்பனை திறந்த கணத்தில் ஒன்றல்ல, நூறு செய்திகளை அனுப்பும். இதை எழுத மேதை தேவையில்லை. இரண்டாம் ஆண்டில் கணினி படிக்கும் பிள்ளை ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம்.

இதைத் தடுக்க இதுவரை போட்ட மதில்கள் பல. கோணல்மாணலான எழுத்தைப் படித்துத் தட்டச்சிடச் சொல்லும் கப்சா முதல் மதில். ஆயிரம் கப்சாவுக்குச் சில டொலர் என்ற கூலிக்கு அதை விடுவித்துக் கொடுக்கும் சேவைகள் உலகில் இருக்கின்றன. ஆகவே அது நிரலைத் தடுப்பதை விட, கண் மங்கிய பெரியவரைத்தான் அதிகம் தடுக்கிறது. ஒரே இணைய முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளை மறித்தால், பல வீடுகளின் இணைப்புகளை வாடகைக்கு எடுத்து அவற்றின் வழியாக வருவார்கள். தொலைபேசி இலக்கம் கேட்டால் சிம் அட்டைகளை மொத்தமாக வாங்குவார்கள். ஒரு சீட்டில் 14,000 ரூபாய் இலாபம் இருக்கும்வரை, எந்த மதிலும் அவர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

இந்திய றெயில்வேயின் தட்கால் முறை இதற்குப் பெரிய பாடம். பயணத்துக்கு முதல்நாள் காலை 10 மணிக்குக் குளிரூட்டிய வகுப்புக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் அவசரச் சீட்டு திறக்கும். றெயில்வேயின் இணையச் சீட்டு விற்பனை நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தின் கப்சாவையும் வங்கிப் படிவத்தையும் தாண்டி ஓடும் நிரல்கள் பல ஆண்டுகளாக முகவர்களிடையே விலைக்கு விற்கப்பட்டு வந்தன. 2017 டிசம்பரில் இந்தியாவின் மத்திய புலனாய்வு அமைப்பான சி.பி.ஐ. அப்படிப்பட்ட ஒரு நிரலை எழுதியவரைக் கைது செய்தது. அவர் சி.பி.ஐ.யிலேயே உதவி நிரலராக வேலை செய்தவர். அதற்கு முன்பு ஐ.ஆர்.சி.டி.சி.யில் இருந்தவர். காவல் காக்கும் இடத்துக்குள் இருந்தே கள்ளத் திறப்பு செய்யப்பட்டது. எட்டு ஆண்டு கழித்து, 2025இல், தட்கால் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்வனவற்றில் பாதி அளவுக்கு நிரல்கள்தாம் என்று இந்திய றெயில்வேயே சொன்னது. இரண்டரைக் கோடி பயனர் கணக்குகளை முடக்கியது. 2025 ஜூலை 1 முதல், ஆதார் என்ற தேசிய அடையாள எண்ணால் உறுதிசெய்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கால் எடுக்கலாம், முதல் அரைமணி நேரம் முகவர்களுக்கு இடமில்லை என்று விதி வந்தது. நல்ல விதிகள். ஆனால் 10 மணி அடித்ததும் ஓட்டப்பந்தயம் தொடங்குவது மட்டும் மாறவில்லை. நாட்டுப்புறத்தில் மெல்லிய சிக்னலோடு இருப்பவர், நகரத்தில் ஃபைபர் இணைப்போடு இருப்பவரோடு இன்றும் ஓடவேண்டியிருக்கிறது.

என்னுடைய கருத்தை இங்கேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம் நிரலில் தொடங்கவில்லை, 'முந்துபவருக்கே' என்ற விதியில் தொடங்குகிறது. கடை வாசலில் மனிதர்கள் வரிசையில் நின்ற காலத்தில் அந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. அதிகாலை எழுந்து வந்தவர் தன் நேரத்தைச் செலவிட்டார், அது எல்லோரிடமும் ஓரளவு சமமாக உள்ள செல்வம். இணையத்தில் முந்துவது எழுந்து வருவதால் நடப்பதில்லை. நல்ல இணைப்பு, நல்ல கருவி, நல்ல நிரல் என்று பணத்தால் வாங்கும் பொருளாக வேகம் மாறிவிட்டது. அந்த வேகத்துக்குப் பரிசாக ஆசனத்தைக் கொடுத்துக்கொண்டே நிரலை மட்டும் துரத்துவது, சோற்றைத் திறந்துவைத்துவிட்டு இரவெல்லாம் காகம் விரட்டுவது போன்றது.

வேகத்துக்குப் பரிசு கொடுக்காமல் குறைந்த பொருளைப் பகிர முடியுமா? முடியும் என்பதற்குக் களப்புக் கரைகளே சாட்சி. பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே உள்ள பெரிய களப்பு. அங்கே கடல்வாய்க்கு அருகே மீனும் இறாலும் நன்றாகப் படும் இடங்கள் சிலவே. எல்லாரும் அங்கேயே வலை போட்டால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்கள் 'பாடு' என்ற முறையை வைத்திருந்தன. உரிமையுள்ளவர் பட்டியலை எழுதி, சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்குவார்கள். பிறகு முறைவைத்து இடம் மாறும். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை சுமாரான இடத்துக்குப் போவார். நம் நாட்டில் நீர்கொழும்புக் களப்பின் வாயில் கட்டுவலை போட்டு இறால் பிடிப்பவர்களும், ஊர்ச் சங்கங்கள் வழியாகக் குலுக்கலில்தான் இடம் பிரித்துக்கொள்கிறார்கள். இந்த முறையில் வலிமையான தோணிக்காரனுக்கு விசேஷம் எதுவும் இல்லை. விடியப்புறம் முந்திப் போனவனுக்கும் இல்லை. ஆகவே முந்துவதற்காக யாரும் பெரிய இயந்திரம் வாங்கவேண்டிய தேவையும் வரவில்லை.

இன்னும் பழைய சான்று தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் கல்லிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விதிவிதியாகச் சொல்கின்றன. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஊர்ச்சபை முழுவதும் பார்த்திருக்க, ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய உறவினரும் தகுதியில்லை. இன்று இணையக் குலுக்கலை வடிவமைக்கும் பொறியாளர் யோசிக்கவேண்டிய எல்லாம் அந்தக் கல்லில் இருக்கின்றன: எடுப்பவர் பக்கம் சாயாதிருத்தல், எல்லார் முன்னிலையிலும் எடுத்தல், கிடைத்தவர் சிறிது காலம் ஒதுங்கி நிற்றல், ஏமாற்றியவரை விலக்குதல்.

ஆனால் இந்தப் பழைய முறைகளை நான் கண்மூடிப் புகழ வரவில்லை. உத்திரமேரூரில் நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போனது. பழவேற்காட்டுப் பாடு முறையில் பட்டினவர் அல்லாத மீனவர்களுக்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை, அதனால் மோதல்களும் வழக்குகளும் வந்தன. சீட்டுக் குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குலுக்கலுக்கு முன்னால் பட்டியலை யார் எழுதுகிறார், யார் பெயரை விடுகிறார் என்பதில் அநீதி ஒளிந்துகொள்ளலாம். இணையத்துக்கும் இது அப்படியே பொருந்தும். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இங்கேதான் தங்கியிருக்கிறது.

நாளையே புகையிரதத் திணைக்களம் முந்துபவர் விதியை எடுத்துவிட்டுக் குலுக்கல் வைத்தால் என்ன ஆகும்? நிரல் வைத்திருப்பவர் வேகத்தை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு மாறுவார். ஆயிரம் பொய்ப் பெயரில் ஆயிரம் விண்ணப்பம் போடுவார், ஆயிரம் ஓலை அவருடையதாகக் குடத்துக்குள் கிடக்கும். ஆகவே குலுக்கல் மட்டும் போதாது. ஒருவருக்கு ஓர் ஓலை என்பதை உறுதிசெய்ய வேண்டும். இங்கேதான் ஓர் அருமையான வசதி இருக்கிறது. 'நீ மனிதனா, நிரலா?' என்ற கேள்விக்கு எந்தக் கணினியாலும் உறுதியாக விடை காண முடிவதில்லை. நாளுக்கு நாள் அது கடினமாகியும் வருகிறது. 'நீ எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு விடை காண முடியும். தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒருவருக்கு ஒன்றுதான். புகையிரதத்தில் சீட்டுப் பரிசோதகர் வந்து அட்டையைப் பார்க்கத்தான் போகிறார். பொய் இலக்கத்தில் எடுத்த ஆசனத்தில் வேறொருவர் அமர முடியாது என்றால், அந்த ஆசனத்துக்கு 16,000 ரூபாய் கொடுக்க யாரும் வரமாட்டார். குலுக்கல் வேகத்தின் பயனை எடுத்துவிடுகிறது, அடையாளப் பரிசோதனை எண்ணிக்கையின் பயனை எடுத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

இப்படி ஒன்றை நாமே வாழ்ந்து பார்த்திருக்கிறோம். 2022ஆம் ஆண்டு எண்ணெய்ச் செட் வரிசைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்ற நிலை வந்தது. ஜூலை நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அனுமதி அறிவிக்கப்பட்டது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் மூன்றையும் பதிந்தால் ஒரு கியூ.ஆர். குறியீடு கிடைக்கும். ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40. யார் முதலில் வந்தாலும் அளவு அதேதான், எத்தனை தடவை வந்தாலும் அதே அளவுதான். கான்களில் நிரப்பிப் பதுக்கி விற்றவரின் தொழில் அந்தக் குறியீட்டோடு சுருங்கியது. எண்ணெய் வரவு கூடியதும் வரிசை குறைந்ததற்குக் காரணம் என்பது உண்மை. ஆனால் வரவு கூடியிருந்தும் அளவு வகுக்காவிட்டால் பலமுள்ளவனே முதலில் நிரப்பியிருப்பான். 2023 செப்டெம்பர் 1 முதல் அந்த முறை நிறுத்தப்பட்டது.

அதிலும் பட்டியல் பிரச்சினை இருந்தது. முறை வாகனத்தை மையமாக வைத்து எழுந்தது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் இல்லாத தோணி இயந்திரத்துக்கும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் வேறு வழி தேடவேண்டி வந்தது. களப்போரத்து மீனவரும், களப்புக்கு மேற்கே உள்ள படுவான்கரை வேளாண்மைக்காரரும் பட்டியலுக்கு வெளியே நின்று, பிறகு உள்ளே வரவேண்டியவர்களானார்கள். கொழும்பில் வடிவமைத்த பட்டியல் கொழும்பு வாழ்க்கையைத்தான் முதலில் பார்க்கும்.

பட்டியலுக்கு வெளியே விடப்படுவது உயிரோடு விளையாடுவதாகவும் ஆகலாம். 2021 மே மாதம் இந்தியா 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது, அரசின் கோவின் தளத்தில் இணையவழி முன்பதிவு கட்டாயமாக இருந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள், எந்த நிலையத்தில் எப்போது இடம் திறக்கிறது என்று நொடிக்கு நொடி பார்த்துச் சொல்லும் கருவிகளை எழுதினார்கள். சிலர் தாங்களே முன்பதிவும் செய்துகொள்ளும்படி எழுதினார்கள். விளைவாக நகரத்துக்காரர்கள் கிராமத்து நிலையங்களுக்கு வாகனம் ஓட்டிப்போய் ஊசி போட்டார்கள், அந்த ஊர்க்காரர் வெறுங்கையோடு பார்த்து நின்றார். அந்த நிரல்களை எழுதியவர்களில் பலர் கெட்ட நோக்கம் உள்ளவர்கள் அல்லர். நண்பருக்கும் பெற்றோருக்கும் உதவ நினைத்தவர்கள். ஆனால் முந்துபவர் விதி இருக்கும்போது நல்ல மனமும் அநீதியையே செய்யும். அந்த மாத இறுதியில் இந்திய உச்ச நீதிமன்றம், இணையம் இல்லாதவர் கதி என்ன என்று அரசைக் கேட்டது. நேரில் வந்து பதிந்து ஊசி போட வழி திறக்கப்பட்டது. அதைத் திறந்ததுதான் சரி.

வணிக உலகில் குலுக்கலுக்கு நல்ல முன்மாதிரி யப்பானில் இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனம் 2025இல் ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவியை வெளியிடும்போது, தன்னுடைய யப்பான் இணையக் கடையில் முந்துபவருக்கு விற்கவில்லை. விண்ணப்பம் வாங்கிக் குலுக்கியது. விண்ணப்பிப்பவர் முந்தைய ஸ்விட்ச் கருவியில் 50 மணிநேரத்துக்கு மேல் விளையாடியிருக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் அதன் இணையச் சேவைக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று விதி வைத்தது. அடையாள அட்டை கேட்கவில்லை, ஆனால் ஓர் இரவில் பொய்யாக உருவாக்க முடியாத ஒரு வரலாற்றைக் கேட்டது. ஏறக்குறைய 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். தன்னிடம் அவ்வளவு இருப்பு இல்லை என்று நிறுவனத் தலைவரே பகிரங்கமாகச் சொன்னார். எல்லாருக்கும் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்வதும் நேர்மையின் ஒரு பகுதி என்று நான் நினைக்கிறேன்.

விலையை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள். 16,000 கொடுக்க ஆள் இருக்கும்போது 2,000க்கு விற்பானேன், இடைத்தரகர் எடுக்கும் இலாபம் திணைக்களத்துக்கே வரட்டுமே என்பது அவர்கள் வாதம். எல்ல செல்லும் உல்லாசப் பெட்டிக்கு அந்த வாதத்தை ஏற்கிறேன். சுற்றுலாப் பயணி ஜன்னல் காட்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கட்டும், அது அரசுக் கருவூலத்துக்குப் போகட்டும். கிளினிக் போகும் அம்மாவின் ஆசனத்தை ஏலம் விட நான் சம்மதிக்கமாட்டேன். 1942இல் இந்தத் தீவில் அரிசிப் பங்கீடு வந்ததும், 1953 ஓகஸ்ட் 12இல் அரிசி விலையேற்றத்துக்கு எதிராக நாடே ஹர்த்தாலில் இறங்கியதும், அத்தியாவசியப் பொருளை விலை மட்டும் பங்கிடக்கூடாது என்ற உணர்வில்தான். கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடைக்குப் போன பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு முந்துபவர் விதி கிடையாது, குடும்பத்தில் தலை எண்ணித்தான் அரிசி. அளவையில் குறைத்த மனேச்சரும் உண்டு, வேண்டியவருக்கு ஒதுக்கியவரும் உண்டு. அதனால்தான் குலுக்கல் நடப்பதை எல்லாரும் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? கணினிக்குள் நடக்கும் குலுக்கலை யாரும் கண்ணால் பார்க்க முடியாது என்று சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகம். அதற்கு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. விண்ணப்பம் முடிந்ததும் எல்லா விண்ணப்ப எண்களையும், பெயர் இல்லாமல், வரிசையாக வெளியிட வேண்டும். எந்தக் கணக்கு முறையில் குலுக்கப்போகிறோம் என்பதையும் முன்பே அறிவித்துவிட வேண்டும். பிறகு அடுத்தநாள் தேசிய லொத்தர் சபை தொலைக்காட்சியில் எடுக்கும் மகாஜன சம்பத இலக்கத்தை அந்தக் கணக்கின் தொடக்க எண்ணாகக் கொள்ளவேண்டும். அந்த இலக்கம் என்னவென்று திணைக்களத்தில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அது வந்தபின், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எந்த மாணவரும் தன் மடிக்கணினியில் அதே கணக்கை ஓட்டிப் பார்த்து, அறிவித்த முடிவு சரியா என்று சொல்லிவிடலாம். உத்திரமேரூரில் ஓலை எடுத்த சிறுவனின் இடத்தில் அந்த லொத்தர் இலக்கம் இருக்கும்.

புகையிரத ஆசனத்துக்கு இதை நடைமுறையாக எப்படிச் செய்யலாம் என்று நான் யோசித்ததைச் சொல்கிறேன். இப்போது முன்பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பு திறக்கிறது. அதற்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பம் வாங்கத் தொடங்கலாம். மூன்று நாளும் இரவும் பகலும் திறந்திருக்கும், முதல் நிமிடத்தில் வந்தாலும் கடைசி நிமிடத்தில் வந்தாலும் ஒன்றுதான். வெல்லாவெளி அம்மாவுக்கு அந்த மூன்று நாள் பெரிய விடுதலை. சிக்னல் நன்றாக உள்ள நேரம் பார்த்து, பக்கம் மெதுவாக இறங்கினாலும் பதறாமல், அடையாள அட்டையை இரண்டு தடவை சரிபார்த்துப் போடலாம். கைபேசியே இல்லாதவர் தபாலகத்திலோ பிரதேச செயலகத்திலோ போய்ப் பதியலாம். ஒரே பயணத்துக்குப் போகும் குடும்பம் ஒன்றாக ஓர் ஓலை போடட்டும், தாய்க்குக் கிடைத்து பிள்ளைக்குக் கிடைக்காமல் போகக்கூடாது. ஓர் அடையாள இலக்கம் ஒரு விண்ணப்பத்தில் மட்டும். பண்டிகைக் காலத்தில் சென்ற முறை கிடைக்காதவருக்கு அடுத்த முறை இரண்டு ஓலை. வைத்தியசாலைக் கடிதம் உள்ளவருக்குச் சில ஆசனங்களை நிலையத்துக் கருமபீடத்திலேயே ஒதுக்கலாம்.

ஒரு சிறு ஓட்டையை மட்டும் கட்டாயம் அடைக்கவேண்டும். இடைத்தரகர்கள் ஏதோ ஒரு பெயரில் எடுத்த சீட்டை இரத்துச் செய்வார்கள். அது திரும்ப விற்பனைக்கு வரும் அதே கணத்தில், காத்திருக்கும் நிரல் வாடிக்கையாளர் பெயரில் எடுத்துவிடும். அடையாள இலக்கம் பொருந்தவேண்டும் என்ற விதியை இப்படித்தான் தாண்டுகிறார்கள். இரத்தாகும் ஆசனம் திறந்த விற்பனைக்குப் போகாமல், குலுக்கலில் அடுத்து நிற்பவருக்குப் போகவேண்டும். இது சிறிய விதி, ஆனால் இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

சட்டம் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்கா 2016 டிசம்பரில் நிகழ்ச்சிச் சீட்டுகளை நிரலால் அள்ளுவதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதல் நடவடிக்கை 2021 ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது. அதற்குள், அந்த நடவடிக்கையில் சிக்கிய மூன்று தரகர்கள் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். சட்டம் வேண்டும், ஆனால் அது களவு நடந்தபின்தான் வரும். விற்கும் விதியை மாற்றினால் களவுக்கே வேலை இல்லாமல் போகும்.

இங்கே இருக்கும் இளம் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மருதமுனைக் கைத்தறிச் சேலையோ, கஜுவோ, வீட்டில் செய்த பலகாரமோ, இன்று நீங்கள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் நன்றாக விற்கிறீர்கள். தறியில் மாதத்துக்குச் சில சேலைகளே வரும், கேட்பவர் கனடாவிலும் இலண்டனிலும்கூட இருக்கிறார்கள். 'முதல் 20 பேருக்கு மட்டும்' என்று போடாதீர்கள். 'ஞாயிறு இரவுவரை பெயர் தாருங்கள், திங்கட்கிழமை குலுக்கிச் சொல்கிறோம்' என்று போடுங்கள். ஒரு வீட்டு முகவரிக்கு ஒன்று என்று வையுங்கள். முன்பு வாங்கியவரையும் முன்பு கேட்டுக் கிடைக்காமல் போனவரையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். அந்தக் கொப்பி உங்களிடம் இருக்கும்வரை, மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய் இரட்டை விலைக்கு விற்பவரால் உங்களை ஏமாற்ற முடியாது.

கணினி படிக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. நான் சொன்ன குலுக்கல் முறையை ஒரு சிறு நிரலாக எழுதுங்கள். அது கடினமான வேலை அல்ல. எழுதி, இந்த ஊர்ச் சங்கங்களின் சுற்றுலாப் பஸ் ஆசனத்துக்கோ பாடசாலை விழா அனுமதிச் சீட்டுக்கோ முதலில் பயன்படுத்திக் காட்டுங்கள். வேலை செய்கிறது என்று ஊர் பார்த்துவிட்டால், அதை எடுத்துக்கொண்டு புகையிரதத் திணைக்களத்துக்கு எழுதுவது எளிது. பெரியவர்களே, பாராளுமன்ற உறுப்பினர்களும் மாவட்ட அபிவிருத்திக் குழுவும் உங்களைச் சந்திக்கும்போது, வீதி, குளம், வாய்க்கால் இவற்றோடு இந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்: அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்கு மட்டக்களப்புப் புகையிரத ஆசனங்களை முந்துபவருக்கு விற்கப்போகிறீர்களா, எல்லாரும் பார்க்கக் குலுக்கிக் கொடுக்கப்போகிறீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.